விளக்குக்கு வைத்த மஞ்சள்

பெண்ணுக்குப் புடவை நெய்கிற ஊரில் விளக்குக்குப் புடவை கட்டிவிட்டவள் நான். இதைச் சொல்லும்போது கொஞ்சம் தலைக்கனம் தெரிந்தால் தெரியட்டும். பாடுபட்டுச் சேர்த்த தலைக்கனம்தான்.

காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டில் எங்கள் வீடு. முன்னறை முழுக்கத் தறி. என் கணவர் உட்கார்ந்து புடவையின் உடலை நெய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கான நூலை ஏந்திப் போகிற நாடாவை வீசுவேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டு நூலும் ஒன்றையொன்று கோத்துப் பிடித்துக்கொள்கிற இடத்துக்குக் கோர்வை என்று பெயர். அங்கே சின்னச் சின்னப் பற்களாக ஒரு வரிசை விழும். கட்டிக்கொள்கிறவர்கள் யாரும் அதைக் குனிந்து பார்ப்பதில்லை. எனக்கோ புடவையிலேயே அதுதான் அழகு.

ஒருநாள் ஜன்னல் வெயில் துணிக்குப் பின்னால் விழுந்து, அந்தப் பல்வரிசை ஒவ்வொன்றும் எண்ணி எடுக்கலாம் போலத் தெரிந்தது. கை நின்றுவிட்டது.

"இதுக்குப் பின்னால ஒரு லைட்டு இருந்தா எப்படி இருக்கும்?" என்றேன்.

"மொதல்ல நாடாவ வீசும்மா" என்றார் அவர்.

ஆனால் அவரேதான் எனக்காகச் சந்தன நிற உடலும் அரக்குக் கரையுமாகத் தறியில் ஒரு பாவு நூல் ஏற்றினார். பக்கத்து ஓரிக்கையில் ஜன்னல் கிரில் அடிப்பவரிடம் போய், விளக்கைச் சுற்றித் துணி கட்ட ஒரு கம்பிக்கூடு கேட்டேன். "இன்னா மேடம், கோழிக்குஞ்சு மூடி வெக்கவா?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை, முதல் மூன்று கூடும் அப்படித்தான் வந்தன. என் நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "சரிகையே இல்லாம ஒரு காஞ்சிபுரமா? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டேன். சந்தனம் தங்கமாக மாறியது. அவள் கையிலிருந்த காபி ஆறிப்போனது.

சென்னையில் ஒரு கடை இருக்கிறது. ரசனையும் வசதியும் ஒன்றாக வாய்த்தவர்கள் வருகிற இடம். வீட்டுக்கு வேண்டிய பொருள்தான் எல்லாமே, ஆனால் வேண்டியது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரே ஒரு கோடு மட்டும் ஓடுகிற பித்தளைத் தட்டு. கைப்பிடி இல்லாத மண் கோப்பை. கறுப்புக் கல்லைக் கடைந்த ஒரு கிண்ணம். அந்தக் கிண்ணத்தை நான் ஒருமுறை கையில் எடுத்திருக்கிறேன். அடியில் இருந்த விலைச்சீட்டைப் பார்த்ததும், தூங்குகிற குழந்தையைப் போல் திரும்ப வைத்துவிட்டேன்.

கடைக்காரம்மாவுக்கு என் விளக்கின் படத்தை அனுப்பியிருந்தேன். அவர்கள் ஆறு கேட்டார்கள். "முன் கண்ணாடியில வைக்கிறேன். நல்லா வந்தா உங்களுக்குன்னு ஒரு அலமாரி. ஊர் பேரு, உங்க பேரு எல்லாம் எழுதிடலாம்" என்றார்கள்.

எங்கள் பேர் எங்கேயும் எழுதப்பட்டதே இல்லை. நாங்கள் நெய்தது எத்தனையோ மணவறைகளில் உட்கார்ந்திருக்கிறது, கடைகளின் பெட்டியில், கடைகளின் பேரில். அதில் எனக்குக் கோபம் என்று பெரிதாக இல்லை. ஆனால் அந்த அலமாரி எனக்கு வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், வெறி.

ஆறும் முடிந்து, பெட்டியில் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்றாம் நாள் போன் வந்தது.

"மேடம், ஆறு லேம்ப் ஷேட்லயும் உள்பக்கம் ஒரு கறை இருக்கு. ஆஃப்ல இருந்தா தெரியல. லைட் போட்டா நல்லா தெரியுது. நாளைக்குக் காலையில விண்டோ டிஸ்ப்ளே திறக்கணும்."

என் கணவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கறையா? நான் நெய்ஞ்ச துணியிலயா? நெய்யறப்ப இல்லியே!"

எனக்குப் பாதி போனிலேயே புரிந்துவிட்டது. கட்டி அனுப்புவதற்கு முன், ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு மஞ்சள் குழைத்து வைத்திருந்தேன். புதுத்துணி வீட்டை விட்டுப் போகும்போது மஞ்சள் வைப்பதற்கு நான் யோசிப்பதே கிடையாது, கை தானாகப் போகும். கடைக்காரர்கள் நுணுக்கம் பார்ப்பவர்களாயிற்றே என்று சாமர்த்தியமாக உள்பக்கத்தில் வைத்தேன். விளக்குக்கு உள்பக்கம்தான் வெளிப்பக்கம் என்பது விளக்கு செய்தவளுக்கே உறைக்கவில்லை.

சொன்னதும் என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "ஏம்மா, வெச்சது வெச்ச, அரக்குக் கரையில வெச்சிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே. சந்தனத்துல போயி வெச்சிக்கினு கீற!"

மிச்சமிருந்த பட்டு, ஊசி, நூல், கத்தரி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். வழி முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு போனேன்.

கடையில் ஆறும் எரிந்துகொண்டிருந்தன. என் வேலை என்று தெரிந்தும் ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றுவிட்டேன். அத்தனை அழகு. கோர்வையின் பல்வரிசை, அரக்கும் சந்தனமும் விரல் கோத்து நிற்பது, எல்லாம் தெரிந்தது. அதற்கு மேலே, ஒவ்வொன்றிலும், மிளகு அளவுக்கு ஒரு நிழல்.

"துடைச்சா போயிடுமா?" என்று கேட்டார்கள் கடைக்காரம்மா.

"துடைச்சா பரவும். வெயில் பட்டா தானா போயிடும், நாளாவும். துணி கொண்டாந்திருக்கேன், மாத்திடறேன்."

உட்கார்ந்து முதல் கூட்டின் துணியைப் பிரித்தேன். புதுப் பட்டைச் சுற்றி இழுத்துத் தைத்தேன். மத்தியானம் சாப்பிடவில்லை. முடிந்ததும் விளக்கைப் போட்டார்கள். மாசு மறு இல்லாமல் எரிந்தது.

"பெர்ஃபெக்ட்! இப்படியே மீதி அஞ்சும் பண்ணிடுங்க" என்றார்கள்.

நான் அதைப் பார்த்தேன். ஊசி இரண்டாவது கூட்டில் இறங்கமாட்டேன் என்றது. அலமாரி, ஊர்ப் பேர், எங்கள் பேர் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. இருந்தும் வாய் கேட்கவில்லை.

"மேடம், எனக்கு மனசு ஒப்பல. மஞ்சள் வெக்காத புதுத்துணி எங்க பக்கம் சாவுக்குத்தான் போடுவாங்க. கோடித்துணிய விளக்குக்குக் கட்டி இன்னொருத்தர் வீட்டுக்கு அனுப்ப என்னால முடியாது. கறை வேணாம்னா நியாயம்தான். ஆறையும் எடுத்துக்கினு போயிடறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, நெஞ்சு தறிபோல அடித்துக்கொண்டது. கடைக்காரம்மா மாசில்லாத விளக்கின் முன் போய் நின்றார்கள். பிறகு பொட்டு வைத்த விளக்கின் முன். மறுபடி மாசில்லாததன் முன்.

"இப்ப இதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு. நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார்கள். அப்புறம், "மஞ்சள் இருக்கா?" என்றார்கள்.

என் பையில் கத்தரி இருந்தது, மஞ்சள் இல்லை. உலகத்தில் உள்ள அழகான பொருள் எல்லாம் இருந்த அந்தக் கடையிலும் ஒரு சிட்டிகை மஞ்சள் இல்லை. பில் போடும் பெண் தெருமுனை மளிகைக்கு ஓடிப்போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். குழைக்க ஏதாவது வேண்டுமே என்று நான் சுற்றுமுற்றும் பார்க்க, கடைக்காரம்மா அலமாரியிலிருந்து அந்தக் கறுப்புக் கல் கிண்ணத்தை எடுத்து, விலைச்சீட்டைக் கிழித்துவிட்டு, என் கையில் கொடுத்தார்கள். அதன் வாழ்நாளில் அதற்குக் கிடைத்த முதல் வேலை அதுதான் என்று நினைக்கிறேன். மாசில்லாத அந்த விளக்குக்கும் பொட்டு வைத்தேன். இந்த முறை ஒளித்து வைக்கவில்லை.

மறுநாள் விண்டோ திறந்தது. நான்கு விளக்குகள் அந்த வாரமே விற்றுப்போயின. அடுத்த மாதம் அலமாரி வந்தது. மேலே காஞ்சிபுரம் என்றும், அதன் கீழே என் கணவர் பேரும் என் பேரும் ஒரே வரியில். அதைப் படம் எடுத்து நாத்தனாருக்கு அனுப்பினேன். "எழுத்து சின்னதாக் கீது" என்று பதில் போட்டாள். அவள் அகராதியில் அது பாராட்டு.

போன வாரம் நாடாவை வீசிக்கொண்டிருந்தபோது கடைக்காரம்மாவின் போன். ஸ்பீக்கரில் போட்டேன். குரலில் பதற்றம்.

"மேடம், முன் கண்ணாடியில டிஸ்ப்ளேக்குன்னு வெச்சிருக்கிற விளக்குல அந்தப் பொட்டைக் காணோம். வெயில்ல போயிடுச்சு போல. கஸ்டமர்ஸ் எல்லாம் கேக்கறாங்க. கொஞ்சம் வந்து வெச்சிட்டுப் போறீங்களா?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கணவரைப் பார்த்தேன். அவர் தறியை நிறுத்தவில்லை.

"போயி வெச்சிட்டு வாம்மா" என்றார். "கரையில மட்டும் வெச்சிடாத. ஒருத்தருக்கும் தெரியாது."