பாஸ்தாவுல ஒரு கொத்து கறிவேப்பிலை

காலையில கறிக்கடையில அரைக்கிலோ கொத்துக்கறி கேட்டேன்.

"கோலா உருண்டைக்குங்களா?"ன்னார் கடைக்காரர்.

"இல்லீங்ண்ணா, பாஸ்தா சாஸுக்கு."

பின்னாடி நின்ன ஒருத்தர், "நல்ல கறி, வீணாப் போகப் போகுது"ன்னார்.

ஊட்டுக்கு வந்து சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, வரமிளகாயோட கறியை நல்லா சுண்ட விட்டேன். கடைசியா ஒரு கொத்து கறிவேப்பிலை. வெந்த பாஸ்தாவுல கலந்து, போட்டோவைக் குடும்ப குரூப்ல போட்டேன்.

பெங்களூர்ல இருக்கற கொழுந்தன் உடனே, "கறிவேப்பிலை போட்டுப் பாஸ்தாவைக் கெடுத்துட்டீங்களே அண்ணி!"ன்னான்.

கடையில நின்னவருக்குக் கறி வீணாம். இவனுக்குப் பாஸ்தா வீணாம்.

எங்க ஊட்டுக்காரர் சட்டியை வழிச்சுத் தின்னுட்டுத்தான் எந்திரிச்சார்.

கறிவேப்பிலை போட்டா சாஸ்னு சொல்லக்கூடாதுன்னா குழம்புன்னே சொல்லிக்கறேன். கறிவேப்பிலையை எடுக்க மாட்டேன்.

ஞாயித்துக்கெழமை கொழுந்தன் வர்றான். ரெண்டு கொத்தாப் போடறேன்.

உங்க ஊட்டுல எத்தனை கொத்துங்க?