ஆடி அமாவாசைக்கு மறுநாள்

அந்த இன்டர்வியூ அறைக்கென்று ஒரு வாசனை உண்டு... ஹீட்டரில் காய்ந்த தூசியும், ஈரம் உலராத கோட்டுகளும், ஆறிப்போன காபியும் கலந்த வாசனை. ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, நாலு நாற்காலி, ஒரு டிஷ்யூ டப்பா. வாரத்துக்கு ஒரு டப்பா தீர்ந்துவிடும்.

நியூ ஜெர்சியில் அசைலம் ஆபீசராக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அது. சொந்த நாட்டில் உயிருக்கு ஆபத்து, இங்கே அடைக்கலம் கொடுங்கள் என்று வருகிறவர்களின் கதையைக் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே டைப் அடிக்க வேண்டும். பிறகு அதை நம்பலாமா கூடாதா என்று எழுத வேண்டும். நம்பினால் அடைக்கலம். இல்லாவிட்டால் ஃபைல் கோர்ட்டுக்குப் போகும்... அங்கே வருஷக்கணக்கில் இழுக்கும்.

நாங்கள் குடியிருந்த வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் நண்பர்கள் எல்லோரும் ஐ.டி. நான் மட்டும் அழுகிறவர்கள் எதிரில் உட்காருகிறேன் என்று ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் வாரக்கடைசி பாட்லக் விருந்தில் ஒரே கிண்டல்.

ஒருநாள் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வந்தார். ரவி என்று வைத்துக்கொள்வோம்; நிஜப் பெயரையும் அடையாளங்களையும் சொல்லக் கூடாது. மனைவியும் நாலு வயது மகளும் ஊரில். இவருக்கு அடைக்கலம் கிடைத்தால்தான் அவர்களை இங்கே அழைக்க முடியும்.

மொழிபெயர்க்க சுந்தர் என்பவரைக் கூட்டி வந்திருந்தார். சென்னைக்காரர், சாஃப்ட்வேர் வேலை, காசு வாங்காமல் உதவுகிறவர். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததும் அவர்தான். தங்கமான மனுஷன்... ஆனால் அவசரக்குடுக்கை.

எனக்குத் தமிழ் தெரியும் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. அந்த மொழிக்கான தேர்வு எழுதாத ஆபீசர் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். ஈரோட்டுக்காரி என்று முகத்தில் எழுதியா ஒட்டியிருக்கிறது?

சிக்கல் தேதியில் வந்தது. ஜூலை இரண்டாம் வாரத்தில் பிடித்துப் போனார்கள், நாலு நாள் அடைத்துவைத்து அடித்தார்கள், வெளியே விட்ட அன்றே ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன் என்றது விண்ணப்பம். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த தேதியோ ஆகஸ்ட் நடுவில். முழுசாக ஒரு மாதம் இடித்தது. என் சூப்பர்வைசர் கேரல் இந்த மாதிரி இடங்களைத்தான் தேடித் தேடிப் பிடிப்பார். ஒரு தேதி பொய்யென்றால் மொத்தக் கதையும் பொய் என்றாகிவிடும்.

என்றைக்குப் பிடித்தார்கள் என்று கேட்டேன்.

"அப்பா செத்து வந்த முதல் ஆடி அமாவாசை மேடம். கீரிமலையில முழுகி, விரதம் பிடிச்சனான். அடுத்த நாள் விடியத்தான் வந்து கொண்டு போனவை" என்றார் ரவி.

சுந்தர் என் பக்கம் திரும்பி, விண்ணப்பத்தில் இருந்த ஜூலைத் தேதியை மட்டும் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் இவ்வளவு நேரம் பேசினார், நீங்கள் ஒரு தேதியோடு முடித்துவிட்டீர்கள், சொன்னதை அப்படியே சொல்லுங்கள் என்றேன் ஆங்கிலத்தில். அப்பா, தீர்த்தம், விரதம், அமாவாசை எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. அப்படியானால் இந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

சுந்தருக்கு வியர்த்துவிட்டது. ரவியிடம், "சாரி பாஸ்... ஆடின்னா ஜூலைதானேன்னு, நெட்ல ஜூலை அமாவாசையப் பாத்துப் போட்டுட்டேன்" என்றார். பிறகு அதையே என்னிடம் ஆங்கிலத்தில் ஒப்புக்கொண்டார்.

அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. துணிக்கடைத் தள்ளுபடி புண்ணியத்தில் எனக்கும் ஆடி என்றால் ஜூலைதான். ஆனால் காவிரிக்கரைக்காரிக்கு இன்னொன்றும் தெரியும்... ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் வரும். அப்படியென்றால் ஆடி பிறப்பதே ஜூலை நடுவில். சுந்தர் எழுதியது ஆனி அமாவாசை! ஆடி அமாவாசை அந்த வருஷம் ஆகஸ்டில். அதற்கு மறுநாளிலிருந்து நாலு நாள் எண்ணினால், ஆஸ்பத்திரிச் சீட்டின் தேதி கச்சிதமாகப் பொருந்தியது.

மேஜைக்கு அடியில் என் கால் துள்ளியது. முகத்தில் மட்டும் ஒன்றும் காட்டவில்லை.

நம்பலாம் என்று எழுதினேன். கேரல் என்னைக் கூப்பிட்டு, உங்கள் பக்கத்து ஆள் என்று இளகிவிட்டாயா என்று நேராகவே கேட்டார். சுர்ரென்று கோபம் வந்தது. அமாவாசை அட்டவணையையும் தமிழ் மாதக் கணக்கையும் அச்செடுத்துப் போய் அவர் முன்னால் வைத்தேன். எத்தியோப்பியாவிலிருந்து வருகிறவருக்கு அவர்கள் காலண்டரை வைத்துத்தானே சரிபார்க்கிறோம், இவருக்கும் ஒரு காலண்டர் இருக்கிறது என்றேன்.

அவர் விரல்விட்டு எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். கையெழுத்துப் போட்டார்.

அன்று பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். அப்படி ஒரு வெற்றி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த வேலையை விட்டுச் சில வருஷங்கள் ஆகின்றன. இப்போது வீட்டிலிருந்தே வேறு வேலை... நாள் முழுக்க மீட்டிங். யார் என்ன பேசினார்கள் என்று சாயங்காலம் ஒரு வார்த்தை நினைவில் இருப்பதில்லை. அப்போது ஒரு மனுஷனின் ஒரு வாக்கியத்துக்காக அவ்வளவு உன்னிப்பாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காது எங்கே போயிற்றோ தெரியவில்லை.

போன வாரம் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் ஒருவர் என்னையே பார்த்தபடி நின்றார். பக்கத்தில் மனைவி, தோளுயரத்துக்கு ஒரு பெண். தயங்கித் தயங்கி வந்தார்.

"மேடம்... யூ ரிமெம்பர்?"

"நல்லா ஞாபகம் இருக்குங்க. எப்படி இருக்கீங்க?" என்றேன்.

"ஐயோ... உங்களுக்குத் தமிழ் தெரியுமோ? அப்ப அண்டைக்கு நான் கதைச்சதெல்லாம்..."

"ஒண்ணு விடாம கேட்டேனுங்க."

"ஹூ இஸ் ஷி, அப்பா?" என்றாள் மகள்.

"என்ர கதையை முழுக்கக் கேட்டவா, பிள்ளை" என்றார்.

ரயில் வந்தது. மூன்று பேரும் ஒன்றாக ஏறினார்கள்.