பதினேழாம் இலக்கக் கதவு

இன்று தெருவில் தார் உருக்கும் வாசனை வந்தபோது, திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் ஓலைக் குடிசையின் பலகைக் கதவு நினைவுக்கு வந்தது. இந்தியாவிலிருந்து வந்த எங்களுக்குச் சொந்தமென்று இருந்தது, வெள்ளைக்காரர் போகும்போது ஏலத்தில் அப்பா எடுத்த அந்தக் கதவு மட்டும்தான். காணிக்காரர் இடத்தை விட்டு எழும்பச் சொல்லும்போதெல்லாம் ஓலையை விட்டுவிட்டுக் கதவைச் சுமந்துகொண்டு அடுத்த வளவுக்குப் போவோம்.

பக்கத்துக் கல்வீட்டு மலருக்குச் சுவரிலேயே வீட்டு இலக்கம் இருந்தது. பள்ளியில் விலாசம் கேட்டால் அவள் பட்டென்று சொல்வாள். எனக்கு வயிறு எரியும். ஒருநாள் இலக்கம் போடுகிறவர் தார் வாளியோடு வந்து எங்கள் கதவிலும் 17 என்று எழுதினார். ஒரு வாரம் நான் மலரோடு பேசவில்லை, அவ்வளவு பெருமை.

அடுத்த மாதமே எழும்பச் சொன்னார்கள். அப்பா கதவைத் தலையில் தூக்கியதும் மலர் சிரித்தாள்.

"என்னடி, உங்கட நம்பர் நடந்து போகுது!"

புது வளவில் அப்பா அந்த இலக்கத்தைச் சுரண்டக் கத்தி எடுத்தார். "இந்தத் தெருவுல வேற பதினேழு இருக்கு, தாயி."

நான் அழுத அழுகையில், இலக்கம் உள்பக்கம் வரும்படி கதவைத் திருப்பி மாட்டினார். பாயில் படுத்து அதைப் பார்த்தபடி, இந்த மாரி மழையிலாவது மலர் வீட்டுச் சுவர் இடிய வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டேன்.