பழைய கமிட்டில் மாட்டிய பாஸ்வேர்ட்

நாற்காலியை இழுத்துப் போட்டுக் கிட்ட உட்காருங்க. எங்கள் தொழிலில் எதைச் செய்தாலும் பேரோடு பதிவாகிவிடும். பத்தாவதோடு நின்றவன் நான். புனேவுக்கு டைப்பிஸ்டாக வந்து, விஷ்ராந்த்வாடி ஆபீஸில் எல்லாரும் எழுதுகிற ப்ரோக்ராம் கோடு வந்து சேருகிற கிட் சர்வரைப் பார்த்துக்கொள்பவன் ஆனேன்.

அழித்தும் போகவில்லை

எங்கள் கஸ்டமர் ஓர் ஆஸ்பத்திரி. நோயாளிகளின் விவரம் இருக்கிற டேட்டாபேஸின் பாஸ்வேர்டை ஒருநாள் அவசரத்தில் ஒரு ஃபைலில் எழுதி, என் பேரில் சர்வரில் பதிவாகும்படி கமிட் செய்து தொலைத்தேன். மறுநாளே ஃபைலை அழித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆனால் கிட் பழசையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கும். மூன்று வருஷம் கழித்து, கோடு மொத்தத்தையும் சாயங்காலம் நாலு மணிக்கு வேறொரு கம்பெனியிடம் ஒப்படைக்கவேண்டிய நாளில், எங்கள் ஆபீஸில் வேலைபார்த்த கோயம்புத்தூர்ப் பெண் கீர்த்தனா என் மேஜைக்கு வந்தாள். "அண்ணா, ஆஸ்பத்திரி பாஸ்வேர்ட் கிடக்கிற பழைய கமிட்டுல உங்க பேருதானுங்க இருக்கு. இன்னும் யாருகிட்டயும் சொல்லலீங்க."

ஒரே ஒரு எண்டர்

நானே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். கிட் வைத்திருக்கிற பழைய வரலாற்றையே திருத்தி எழுத ஒரு டூல் உண்டு. ஒரு வரி அடித்தால், ஒவ்வொரு கமிட்டிலும் புகுந்து அந்தப் பாஸ்வேர்டை நட்சத்திரக் குறியாக்கிவிடும். தப்பாக அடித்தால் அத்தனை பேர் வேலையும் நாசம். தனியாக ஒரு காப்பி எடுத்துவைத்தும் விரல் எண்டருக்குப் போகவில்லை. பின்னால் நின்ற மேனேஜர் மராட்டிக்காரர், என்னைச் சித்தப்பா முறைவைத்து 'காகா' என்பவர்; குனிந்து இந்தியில் சொன்னார்: "காகா, ஆஸ்பத்திரிக்குத் தெரியாமல் முடியுங்கள். தெரிந்தால் நாளைக்கு நாம் இரண்டு பேரும் வீட்டில்தான்."

சாகணிலிருந்து வந்த உதவி

எண்டரைத் தட்டினேன். டூல் ஓடி முடிந்ததும் எல்லாரும் தங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற பழைய காப்பியைத் தூக்கிப்போட்டுப் புதுசாக எடுக்கவேண்டும். க்ரூப்பில் போட்டேன், மேஜை மேஜையாகப் போயும் சொன்னேன். புனேவுக்குப் பக்கத்துச் சாகணில் வீட்டிலிருந்து வேலைபார்த்த சுரேஷ் மட்டும் போன் எடுக்கவில்லை. புனேவிலேயே பிறந்த நம் தமிழ்க்காரர். மூன்றரைக்குத் தன் பழைய காப்பியையும் புதுசையும் ஒன்றாகச் சேர்த்து சர்வருக்குத் தள்ளிவிட்டார். பாஸ்வேர்ட் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. அப்போதுதான் போனை எடுத்தார். "அரே அண்ணா, ஹிஸ்டரி சேரலைன்னு கிட் சொல்லிச்சு, நான்தான் மெர்ஜ் பண்ணிச் சரியாக்கிட்டேன். டென்ஷன் நகோ, டென்ஷனே வேண்டாம்!"

நாலுக்குப் பத்து நிமிஷம்

மறுபடி டூலைத் திறந்தேன். வியர்வையில் கீபோர்ட் வழுக்கியது. கீர்த்தனா ஜன்னலோரம் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. வைத்துவிட்டு வந்து சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்கே பேசிட்டனுங்கண்ணா. உள்ளதைச் சொன்னேன், நல்லாத் திட்டுனாங்க, பாஸ்வேர்டை மாத்திட்டாங்க. இனி பழசை யாரு பார்த்தா என்னங்கண்ணா?"

அந்தப் போனை நான் மூன்று வருஷத்துக்கு முன்பே செய்திருக்கலாம், திட்டு வாங்குவதைவிட வரலாற்றைத் திருத்துவது சுலபம் என்று நினைத்துவிட்டேன்.