தலைப்பு கேட்ட பெட்டி

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிடிபி கடை வைத்திருந்த காலத்தில் எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். வாயில் மட்டுமா, விரலிலும்தான். வாடிக்கையாளர்களின் ஃபைலை அவர்கள் பெயரில் சேமிக்க மாட்டேன். ஒரே பெயரில் பத்துப் பேர் வருவார்கள், தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அதனால் 'சொட்டைத்தலை', 'முட்டைக்கண்ணு' என்று ஆளைப் பார்த்ததும் தோன்றியதை ஆங்கில எழுத்தில் அடித்துவிடுவேன். பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் இதே பழக்கம். எங்களுக்குள் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வாடிப்பட்டியிலிருந்து ஓர் அக்கா வந்தார். பி.எட். முடித்துவிட்டு ஆறு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தவர். விளாங்குடியில் ஒரு தனியார் பள்ளி, பயோடேட்டாவைப் பிடிஎஃப்பாக மெயிலில் அனுப்பச் சொல்லியிருந்தது. சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். நான் ஃபைலுக்கு வைத்த பெயர் 'எத்துப்பல்'.

பிடிஎஃப் செய்ய என்னிடம் ஓர் இலவச மென்பொருள் இருந்தது, கணினிப் பத்திரிகையோடு வந்த சிடியில் கிடைத்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று ஊருக்கே கொடுத்திருந்தார்கள் புண்ணியவான்கள். பிரிண்ட் கொடுத்தால் தாளுக்குப் பதில் பிடிஎஃப் வரும். அதற்கு முன் ஒரு சின்னப் பெட்டி திறந்து, பிடிஎஃப்பைத் திறந்தால் மேலே தெரியும் தலைப்பு இதுதானா என்று கேட்கும். ஃபைலின் பெயரை அதுவே எடுத்துப் போட்டிருக்கும். நான் படிக்காமலே என்டர் தட்டுவேன். அன்றும் தட்டினேன். வெளியே வந்த பிடிஎஃப்புக்கு மட்டும் அக்காவின் பெயரை வைத்து அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து அக்கா மறுபடி வந்தார்.

"தம்பி, இன்டர்வியூல கம்ப்யூட்டர என் பக்கம் திருப்புனாக. மேல தலைப்புல ஒண்ணு போட்டிருந்துச்சு. ரெண்டு பேரு சிரிப்ப அடக்க மாட்டாம எந்திரிச்சுப் போயிட்டாக. எனக்கு அதுக்கப்புறம் பேச்சே வரல. வேற ஸ்கூலுக்கு அனுப்பணும், அத எடுத்துட்டுக் குடுங்க."

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

"ஓசி சாப்ட்வேர்க்கா, அதுவா எதையாச்சும் போட்டுரும்" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். முந்தானை மடியிலேயே கிடந்தது.

"என் பல்லு அதுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

நான் ஃபைலைத் திறந்து பிரிண்ட் கொடுத்தேன். பெட்டி திறந்து, வழக்கம்போலத் தலைப்பைக் கேட்டது. அக்கா எழுந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, 'எத்துப்பல்' என்பதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.