அத்தா இளைத்த வருஷம்

எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. அதைப் படித்துவிட்டு யாரும் உள்ளே வந்ததாகத் தெரியவில்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்த அத்தாவின் வயிற்றைப் பார்த்துத்தான் வந்தார்கள்.

திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் எங்களுக்குப் பிரியாணிக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அய்யலூர்ச் சந்தையில் அத்தாவே கைவைத்துப் பார்த்து வாங்கிவரும் ஆடு, சீரகச்சம்பா அரிசி, விறகடுப்பு. மதியம் தம் உடைத்ததும் முதல் தட்டு அத்தாவுக்குத்தான். தெருவைப் பார்த்த மேசையில் உட்கார்ந்து, நல்லி எலும்பை உறிஞ்சி, கண்ணை மூடி அவர் சாப்பிடுவதைப் பார்த்தால் பஸ்ஸுக்கு ஓடுகிறவனும் நின்றுவிடுவான். அறுபதுகளின் தொடக்கம் அது. தொந்தி வைத்த மனிதரை ஊர் மரியாதையோடு பார்த்த காலம்.

அப்படிப்பட்ட அத்தா ஒருநாள் பழைய சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

"எதுக்குங்க இது?" என்றாள் அம்மா.

"சும்மாதான்."

அந்தச் 'சும்மா'வில்தான் எல்லாம் ஆரம்பித்தது. விடிகாலைத் தொழுகை முடிந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறுவார். முதலில் சில நாள் தெருநாய்கள் விரட்டின. ஒருமுறை முழங்கையெல்லாம் சிராய்ப்போடு வந்தார். ஆனாலும் விடவில்லை. வெயில் ஏறும் நேரத்தில் சட்டை உடம்போடு ஒட்ட வந்து இறங்குவார். அம்மா தட்டை வைத்தால், "சோறு வேணாம், மோரு இருந்தாக் குடு" என்பார். கறியைத் தொட மாட்டார். நெய்ச்சோற்றை என் பக்கம் தள்ளிவிடுவார். அம்மாவின் பதினைந்து வருஷக் குடும்ப வாழ்க்கையில் அத்தா சோறு வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

தோல்ஷாப்பில் வேலை பார்த்த என் மாமாதான் அடுத்த செய்தியைக் கொண்டுவந்தார். அவர் அம்மாவின் தம்பி. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "அக்கா, மச்சான் இடுப்பு பெல்ட்டுல ஓட்டை போட்டுத் தரச் சொன்னாரு. போட்டேன். இப்ப அதுக்கும் உள்ள தள்ளி இன்னொண்ணு கேக்குறாரு. எனக்கு என்னமோ சரியாப் படல."

அம்மாவுக்கு வேறொன்று பட்டது. பிள்ளை பெற்ற ஆம்பளை இந்த வயதில் உடம்பை இளைக்கவைக்கிறான் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அத்தாவின் சட்டைகளை மோந்து பார்த்தாள். அத்தர் வாசனை இல்லை. ஒரு பையிலிருந்து பாதி கடித்த வெள்ளரிப்பிஞ்சு கிடைத்தது. "இத யாரு குடுத்தா?" என்று என்னைக் கேட்டாள், நான்தான் கொடுத்ததுபோல.

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. என்னோடு ஓதப்போன சிநேகிதி ஒருத்தி, ஜின் மனுஷ உருவத்தில் வீட்டுக்குள் வந்துவிடும் என்று சொல்லியிருந்தாள். கன்னம் ஒட்டி, கழுத்து நீண்டு, மோர் குடித்துக்கொண்டிருந்த அந்த மனிதரை நான் தூணுக்குப் பின்னாலிருந்து கவனித்தேன். குளிக்கும்போது முதுகில் மச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஆனால் ஜின்னுக்கு ஒரு மச்சம் வைத்துக்கொள்ளவா தெரியாது?

கடைசியில் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். "நாளைக்கு அத்தாகூட நீயும் போ. எங்க நிக்கிறாரு, யாருகிட்டப் பேசுறாரு, எல்லாத்தயும் பாத்துட்டு வா."

நான் வருகிறேன் என்றதும் அத்தா தயங்கவே இல்லை. முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு உட்காரவைத்தார். அகரம் போகும் பாதையில் போனோம். இரண்டு பக்கமும் பூந்தோட்டம். பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். என் தலைக்கு மேலே அத்தாவின் மூச்சு புஸ்புஸ் என்று கேட்டது. ஒரு கிணற்றுத் தோட்டத்தில் சைக்கிளை நிறுத்தினார். நான் அம்மா சொன்னபடி சுற்றும்முற்றும் பார்த்தேன்.

வெங்காயப் பாத்தியில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தவர் கையை உயர்த்தினார். எங்கள் கடைக்கு வெங்காயம் போடுகிற சம்சாரி அவர். அவருடைய மனைவி கலயத்தோடு வந்தாள். "பாய்க்கு இன்னைக்குத் தொணைக்கு ஆள் வந்திருக்கே! நீயும் குடி தாயி" என்று எனக்கும் கேப்பைக்கூழ் ஊற்றினாள். வாயில் வைத்தேன். உப்பே இல்லை. அத்தா அதைப் பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தார். வீட்டில் அண்டா அண்டாவாகப் பிரியாணி வைத்துக்கொண்டு, இம்புட்டுத் தூரம் மிதித்துவந்து ஒரு மனிதர் உப்பில்லாக் கூழைக் குடிக்கிறார் என்றால் இதில் என்னமோ இருக்கத்தான் வேண்டும் என்று நானும் நினைத்தேன்.

"ஒரு பொம்பள கூழு ஊத்துச்சும்மா" என்று வீடு திரும்பியதும் அம்மாவிடம் ஆரம்பித்தேன். அவள் புருஷனும் பக்கத்தில் இருந்தார் என்று சொல்வதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

அன்று மதியம் அறைக்கதவு சாத்தப்பட்டது. அம்மாவின் குரல் ஓங்கிக் கேட்டது. பிறகு அத்தாவின் குரல், தணிந்து, விட்டு விட்டு. கதவு திறந்ததும் அம்மா நேரே அடுப்படிக்குப் போய் நெய் டின்னை எடுத்துக் கைக்கெட்டாத பரணில் வைத்தாள். மறுநாளிலிருந்து அவளே சுரைக்காயும் கொள்ளும் தனியாக வேகவைத்தாள், உப்பில்லாமல்.

"அத்தாவுக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. யாரு கேட்டாலும் ஒண்ணுமில்லன்னு சொல்லு."

அதிலிருந்து நான் இரண்டு பேரையும் சந்தேகப்பட்டேன்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. தினம் வரும் பஸ் கண்டக்டர் ஒருவர் தட்டில் கைவைத்தபடி கேட்டார். "மொதத் தட்டு ஒங்களுக்குத்தான பாய்? இப்பல்லாம் காணோமே?"

"காலையில பலமாச் சாப்ட்டேன்" என்றார் அத்தா.

கண்டக்டர் அத்தாவின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தார். தன் தட்டில் இருந்த கறியைப் பார்த்தார். சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார். சந்தையில் நோய் கண்ட ஆட்டைச் சல்லிசாக வாங்கிப் போடுகிறார்கள், அதனால்தான் முதலாளி தொடுவதில்லை என்று பேச்சு கிளம்பியது. அண்டா பாதிக்கு மேல் அப்படியே வீட்டுக்குள் வந்தது. பிள்ளைகள் நாங்கள் ராத்திரியும் பகலும் பிரியாணி தின்றோம். எங்களுக்கு அது நல்ல காலமாகத்தான் தெரிந்தது.

"ஊரே பேசுது மச்சான்" என்று மாமா வந்து நின்றார். "ஒங்களுக்கு என்னதான் செய்யுதுன்னு சொல்லிட்டா அவனுக வாய அடைச்சிரலாம்ல?"

"சொன்னா இன்னும் மோசமாப் போயிரும்டா" என்றார் அத்தா.

வந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து தெரு நிறைய ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அத்தா கல்லாவை விட்டு எழுந்தார். தெருவைப் பார்த்த மேசையில் தானே இலையைப் போட்டார். "மாஸ்டர், மொதத் தட்டு எனக்கு. நல்லியா பாத்து வையி" என்று சத்தமாகச் சொன்னார். போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அத்தா சாப்பிட்டார். கொழுப்பை ஒதுக்காமல், எலும்பை விடாமல், பழையபடி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். மறுசோறும் வாங்கினார். கூட்டத்திலிருந்த கண்டக்டர்தான் முதலில் உள்ளே வந்தார். "எனக்கும் ஒண்ணு போடச் சொல்லுங்க பாய்" என்றார். செத்த நேரத்தில் உட்கார இடமில்லை.

"பெறகு எப்படிப் பாய் இப்படி எளச்சீக?" என்று யாரோ கேட்டார்கள்.

"அகரத்துக்கு தெனம் சைக்கிள் மிதிச்சுப் பாரு, தெரியும்" என்றார் அத்தா. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் குதித்துக்கொண்டு திரும்பினேன். வீட்டுக்கதவின் திரைக்குப் பின்னால் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

டாக்டர் சொன்னதை அம்மா என்னிடம் சொன்னது வெகு காலம் கழித்து, எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்த பிறகு. கொழுப்பும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்து இதயத்தை அமுக்குகிறது, இப்படியே தின்றால் அடுத்த நோன்புப் பெருநாளைப் பார்க்க மாட்டீர்கள் என்றாராம். "பிரியாணிக்கடைக்காரனுக்கே பிரியாணி ஆகலன்னு ஊருக்குத் தெரிஞ்சா, மறுநா யாரு வருவா?" என்று கேட்டாராம் அத்தா, அந்தச் சாத்திய கதவுக்குள். வெள்ளிக்கிழமை ஒரு தட்டு ஊருக்காக, மற்ற நாளெல்லாம் சைக்கிளும் கூழும் என்று பல வருஷம் ஓட்டினார். என் கல்யாணத்தில் மெலிந்த உடம்போடு பந்தியில் நின்று பரிமாறவும் செய்தார்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. ஜின் போய்விட்டது, எங்கள் அத்தா திரும்ப வந்துவிட்டார் என்று மட்டும்தான் தெரிந்தது. சாயங்காலம் அத்தா பாயில் மல்லாந்து படுத்திருந்தார். அம்மா அவர் நெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்து, எதையோ எண்ணுவதுபோல, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அருகில் போய், சந்தோஷம் தாங்காமல் கேட்டேன்.

"அம்மா, அத்தாவுக்கு இன்னொரு தட்டு எடுத்துட்டு வரவா?"