பெயர் பிறகு சொல்லப்படும்

இந்த நாட்டில் ஒரு மனிதனைக் கொடுத்துவிட்டு, அவனுக்குப் பதிலாக வரப்போகிறவன் யார் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். ஊரிலிருந்து படிக்கிறவர்கள் நான் கதை விடுவதாக நினைக்க வேண்டாம். பேஸ்பாலில் அப்படி ஒரு வழக்கம் சட்டப்படியே இருக்கிறது. போன வருடம் ஜூலைக் கடைசியில் ஒரு மத்தியானம், பிளெய்ன்ஸ்பரோவில் நான் வேலை பார்க்கும் ஓட்டலில், கல்லில் வரிசையாக ஏழு தோசை ஊற்றியிருந்தேன். சுவரில் மாட்டியிருக்கும் டீவியில் எங்கள் அணியின் கேட்சர் ரமோன் படம் வந்தது. படத்திலிருந்து ஒரு அம்புக்குறி வேறொரு அணியின் சின்னத்துக்குப் போனது. அங்கிருந்து திரும்பி வந்த அம்புக்குறியில் மீசை முளைக்காத இரண்டு பையன்களின் படம். மூன்றாவது படத்தில் முகமே இல்லை, வெறும் கறுப்பு நிழல். அந்த நிழலுக்குக் கீழேதான் எழுதியிருந்தது, பெயர் பிறகு அறிவிக்கப்படும் என்று. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். படித்து முடிப்பதற்குள் ஏழு தோசையும் தீய்ந்துவிட்டது.

அணியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இங்கே இருக்கிற மற்ற அணிக்காரர்கள் சிரிப்பார்கள். நான் இந்த ஆட்டத்துக்குள் வந்ததே என் மகள் கயலால்தான். அவள் இங்கே பிறந்தவள். நான் பேசும் தமிழ் அவளுக்குப் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். எனக்கோ வீட்டிலும் வெளியிலும் பேச்சு குறைவு. அவளுக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு நாள் டீவி முன்னால் என்னை உட்காரவைத்து ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாள். மட்டையோடு பத்துத் தடவை நின்றால் மூன்று தடவை அடிக்கிறவன் பெரிய ஆள் என்றாள். ஏழு தடவை தோற்பவனைக் கொண்டாடுகிற ஆட்டம் எனக்குப் பிடித்துப்போயிற்று. அதன்பிறகு எங்களுக்குள் பேச ஒரு விஷயம் கிடைத்தது. உண்மையைச் சொன்னால் அது ஒன்றுதான் கிடைத்தது. "மேனேஜர் அடுத்து யாரை எறக்குவான்?" என்று நான் கேட்பேன். "லெஃப்டி, அப்பா" என்பாள், இடது கையால் வீசுகிறவனை. இப்படியே மூன்று மணி நேரம் போகும். ஏழெட்டு வருடம் அப்படித்தான் போனது.

ரமோன்மீது எனக்குத் தனிப் பிரியம். மைதானத்தில் மற்ற எட்டுப் பேரும் ஒரு பக்கம் பார்த்து நிற்க, கேட்சர் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்துக் குந்தி உட்கார்ந்திருப்பார். முகத்தில் கம்பிக் கூண்டு. யாருக்கும் முகம் தெரியாது. ஆனால் அவர் விரலைக் காட்டாமல் ஒரு பந்தும் கிளம்பாது. டொமினிக்கன் குடியரசிலிருந்து பதினேழு வயதில் வந்தவர். பேட்டி எடுத்தால் இன்றைக்கும் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு ஆள் நிற்பார். எங்களிடம் பன்னிரண்டு வருடம் ஆடினார்.

இவரைத்தான் அனுப்பினார்கள். யாரை வைத்துக்கொண்டார்கள் தெரியுமா? வலது மூலையில் நிற்கிற நட்சத்திரத்தை. பந்தைத் தரையில் தட்டிவிட்டு, பஸ்ஸைத் தவறவிட்டவர் திரும்பி வருவதுபோல நடந்து வருவார். பத்து வருட ஒப்பந்தம் போட்டாயிற்று, எதற்கு ஓட வேண்டும்? பந்து வீசுகிறவன் கதையோ இன்னும் மோசம். ஒருத்தன் ஆறாவது சுற்றுவரை யாரையும் தொடவிடாமல் வீசிக்கொண்டிருப்பான். மேனேஜர் தொப்பிக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்துப் பார்ப்பார். நூறு பந்து ஆகப்போகிறது என்று அட்டை சொல்லும். உடனே அவனைக் கூப்பிட்டுக்கொள்வார். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவன் இலையை எடுப்பதற்குச் சமம். அடுத்து வருகிறவன் நாலு பேரை அடிக்காமலே முதல் பேஸுக்கு நடக்கவிட்டு ஆட்டத்தையே கொடுத்துவிட்டுப் போவான். மேனேஜர் சூயிங்கம் மென்றுகொண்டு அட்டையைத் திரும்பவும் தொப்பிக்குள் வைப்பார். பார்க்கப் பார்க்கக் குமட்டும்.

நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊரில் ஹாக்கிதான் எல்லாம். அங்கே மட்டும் நிர்வாகம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. எங்கள் தெரு அணிக்குச் செயலாளராக இருந்தவர் கடலைமிட்டாய்க் கடைக்காரர். தன் மைத்துனனை மூன்று வருடம் கோல்கீப்பராக வைத்திருந்தார். அவனைத் தாண்டாத பந்தே கிடையாது. தோற்ற மறுநாள் காலையில் நாலு பேர் கடைக்குப் போவார்கள். "அண்ணாச்சி, ஒங்க மச்சான் காலுக்கு நடுவுல லாரியே போவும். பந்து போவாதா?" என்று கேட்பார்கள். அவர் முகம் சிவக்கும். "அவன் அக்கா சோறு போட மாட்டாவே, நான் என்ன செய்ய?" என்பார். மைத்துனனை மாற்றவே இல்லை. ஆனாலும் கேட்பதற்கு ஒரு கடை இருந்தது. கல்லாவில் ஒரு முகம் இருந்தது. இங்கே யார் கடைக்குப் போவது? காய்கறி இறக்க வருகிற வெள்ளைக்காரர் மறுநாள் என் தலையிலிருந்த அணித் தொப்பியைப் பார்த்து, நம்மைக் கொள்ளையடித்துவிட்டார்கள் என்று இங்கிலீஷில் கத்தினார். வண்டியில் திருட்டுப் போய்விட்டதோ என்று பயந்து, "போலீஸ்?" என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்து, "ஆமாம், போலீஸ்! அவர்கள் எல்லோரையும் பிடிக்கச் சொல்!" என்று என் தோளில் தட்டினார்.

வீட்டில் சிரிப்பு இல்லை. "ஐ ஆம் டன், அப்பா" என்று சொல்லிவிட்டுக் கயல் டீவியை அணைத்தாள். ஆகஸ்டு முழுக்க அது அணைந்தே கிடந்தது. "அப்பனும் மவளும் என்ன, எழவு விழுந்த வீடு மாதிரி ஒக்காந்திருக்கிய?" என்று என் மனைவி செல்வி கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ஃபைன்" என்பாள். அதற்கு மேல் கேட்க எனக்கு எதுவும் தெரியாது. ஒரு அணியின் அலுவலகத்தில் யாரோ போட்ட கையெழுத்து, என் மகளிடம் எனக்கிருந்த ஒரே பேச்சையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போய்விட்டுக் குடும்பங்கள் சாப்பிட வருகிற நேரம். கயல் ஞாயிறுகளில் பில் கவுண்டரில் நிற்பாள். முதலாளி அடுக்களைக்குள் எட்டிப் பார்த்து, "மாஸ்டர், ஏழாம் டேபிள் நெய் ரோஸ்ட்டை நல்லாப் போடுங்க. அந்தத் தம்பி உங்க டீம் ஆபீஸ்லதான் வேலை பாக்குறாராம். கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு யாரை வாங்கறது, விக்கிறதுன்னு சொல்ற வேலையாம்" என்றார். இத்தனை வருடத்தில் நான் அடுக்களையை விட்டு வெளியே போய் யாருக்கும் பரிமாறியதில்லை. அன்றைக்கு நெய் ரோஸ்ட்டை நானே எடுத்துக்கொண்டு போனேன்.

கார்த்திக் என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. நெற்றியில் குங்குமம். எதிரே அவன் அம்மா. தட்டை வைத்துவிட்டு நின்றேன். "தம்பி, ரமோனை ஏன் அனுப்புனீய?" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அங்கிள், நீங்க பேஸ்பால் பார்ப்பீங்களா?"

அதற்குள் அவன் அம்மா, "எவன்டா அது? கூண்டைப் போட்டுண்டு பாவமா குந்திண்டிருப்பானே, அந்தப் பிள்ளையா? அவனை ஏன்டா தொரத்தினே?" என்றார்.

"அம்மா, நான் தொரத்தல. ரிப்போர்ட் மட்டும்தான் குடுத்தேன்."

"ரிப்போர்ட் குடுத்தேன்னா நீதானே தொரத்தினே!"

கார்த்திக் என் பக்கம் திரும்பினான். "அங்கிள், அவர் செகண்ட் பேஸுக்கு த்ரோ பண்றது ஸ்லோ ஆயிடுச்சு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ரைட் முட்டி லோடு எடுக்க மாட்டேங்குது. இன்னும் ரெண்டு சீசன். வேல்யூ இருக்கும்போதே ட்ரேட் பண்ணாத்தான் உண்டு."

"கல்லு சூடு எனக்குத் தண்ணி தெளிச்சா சத்தத்துலயே தெரியும் தம்பி. ஆளைப் பாத்தா தெரியாதா? மிஷின் எதுக்கு?"

"அதுக்கும் மிஷின் இருக்கு அங்கிள். துப்பாக்கி மாதிரி இருக்கும், கல்லைப் பாத்து அமுக்கினா டெம்பரேச்சர் காட்டும்" என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை. முதலாளி பின்னாலிருந்து, "எங்க கிடைக்கும் தம்பி?" என்றார்.

அந்த மூன்றாவது ஆள் யார் என்று கேட்டேன். "இன்னும் டிசைட் ஆகல, ஒரு லிஸ்ட் இருக்கு" என்றான், கறிக்கடையில் சொல்வதுபோல. அவன் அம்மா மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நாலு கேட்டிருப்பேன். அந்த அம்மா, "நீங்க நன்னாக் கேளுங்கோ" என்று வேறு எனக்குப் பரிந்து பேசினார். பெற்றவளே திட்டுகிற பிள்ளையை நான் எப்படித் திட்டுவது?

அப்போதுதான் கயல் கவுண்டரைப் போட்டுவிட்டு வந்தாள். என் பக்கம் நின்று சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேகம், கோணம், வினாடியில் நூறில் ஒரு பங்கு என்று எனக்கு எட்டாத கேள்விகளாகக் கேட்டாள். அவன் போனில் கோடுகோடாகப் படம் காட்டினான். பில் கொடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கயல் சிரித்தாள். ஜூலைக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் அடுக்களைக்குத் திரும்பினேன்.

வீட்டுக்குப் போகும்போது காரில் சொன்னாள். "அப்பா, ஹீ இஸ் ரைட், யூ நோ."

"தெரியும்."

"வாட் டூ யூ மீன், தெரியும்? த முட்டி? யூ சா இட்?"

"மே மாசமே பாத்தேன். எறியறதுக்கு முன்னால வலது முட்டியைத் தரையில ஊனுனாரு."

"யூ நெவர் டோல்ட் மீ!"

"சொன்னா போயிருவாருன்னு நெனச்சேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

அந்தப் பையன்மீது இன்றைக்கும் எனக்கு அருவருப்பு தீரவில்லை. நல்ல பையன்தான், இப்போதும் மாதம் இரண்டு தடவை வருகிறான், என்னைப் பார்த்தால் எழுந்து வணக்கம் சொல்கிறான். அவன் கண்டுபிடித்ததை நானும் கண்டுபிடித்தேன். அவனுக்கு முன்னாலேயேகூட இருக்கலாம். முட்டி போய்விட்டது என்று தெரிந்ததும் நான் அதை யாருக்கும் தெரியாமல் பொத்திவைத்தேன். அவன் தெரிந்ததும் விலை பேசச் சொன்னான். இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் பார்த்தோம். டிசம்பரில் அந்த மூன்றாவது பெயரும் வந்தது. பத்தொன்பது வயதுப் பந்து வீச்சாளன், தோளில் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருகிற படம். அடுத்த வருடம் முழுக்க ஆட மாட்டானாம். அதுவும் கணக்கில் இருக்கிறதாம். கயல் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். கல்லூரியில் புள்ளியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, கார்த்திக்தான் சிபாரிசுக் கடிதம் கொடுத்தான். நாங்கள் மறுபடி சேர்ந்து ஆட்டம் பார்க்கிறோம். இப்போது அவள் எதிர்க்கட்சியிலிருந்து பேசுகிறாள். பேச்சு திரும்பி வந்துவிட்டது, அதுவரைக்கும் சரி.

இந்த ஜூனில் ரமோன் தன் புதிய அணியோடு எங்கள் மைதானத்துக்கு வந்தார். பிரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து ரயில் பிடித்து நானும் கயலும் போனோம். அவர் மட்டையோடு முதல் தடவை வெளியே வந்தபோது மைதானமே எழுந்து நின்று கை தட்டியது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். தலை நரைத்திருந்தது. இரண்டு நிமிடம் தட்டிவிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். அதே ஆட்கள் அடுத்த பந்தில் அவர் அவுட் ஆக வேண்டும் என்று கூச்சல் போட்டார்கள்.

பிறகு எங்கள் ஆட்கள் மட்டை பிடித்தார்கள். முதல் ஆள் முதல் பேஸுக்குப் போனதும், "தே ஆர் கோயிங் டு ரன் ஆன் ஹிம், அப்பா" என்றாள் கயல் மெதுவாக. அப்படியே, பந்து வீசும்போதே அவன் இரண்டாம் பேஸுக்கு ஓடினான்; அவன் சேர்வதற்குள் கேட்சர் எறிகிற பந்து அங்கே போனால்தான் அவுட். ரமோன் எறிந்தது பிந்திப்போனது. மூன்றாவது சுற்றில் இன்னொருத்தன் ஓடினான், அதுவும் பிந்தியது. எந்த முட்டி, எவ்வளவு நேரம் என்று எல்லாம் எங்கள் ஆபீஸில் எழுதிவைத்திருக்கிறார்களே. பன்னிரண்டு வருடம் எங்களுக்காகக் குந்திக் குந்தித் தேய்ந்த முட்டி, அதையே குறிவைத்து ஓடச் சொன்னார்கள். சுற்றிலும் கொண்டாட்டம். கயல் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆறாவது சுற்றில் மறுபடி ஒருத்தன் ஓடினான். இந்தத் தடவை ரமோன் எழுந்திருக்கவே இல்லை. முட்டி போட்டபடியே, உட்கார்ந்த இடத்திலிருந்து எறிந்தார். பந்து வீச்சாளன் குனிந்துகொண்டான். அவன் தலைக்கு மேலே ஒரு கோடு போட்டதுபோலப் போய், சறுக்கி வருகிறவனின் காலுக்கு நேரே, இரண்டாம் பேஸில் நின்றவனின் கையுறையில் பந்து உட்கார்ந்தது. அவுட். எங்கள் சுற்று முடிந்தது. மைதானம் அப்படியே அடங்கிப்போனது.

அந்த அமைதியில் ஒரே ஒரு ஆள் எழுந்து நின்று கை தட்டும் சத்தம் கேட்டது. எங்கள் அணியின் தொப்பியை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தது நான்தான். பக்கத்தில் கயல் உட்கார்ந்தபடி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பின் வரிசையிலிருந்து ஒரு பெரிய ஆள் என் தோளைத் தட்டி, நீ எந்தப் பக்கம் என்று இங்கிலீஷில் கேட்டார். கேள்வி எனக்கு நன்றாகவே புரிந்தது.

"யெஸ்" என்றேன்.